குளிர்கால எண்ணெய்வித்துப் பயிர்களின் குளிர் தாங்குதிறனில் தாவர ஹார்மோன்களின் பங்கு: ரேப்சீட் பயிரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டு, பனிக்காலத்தை வயலிலேயே கழித்து, அடுத்த கோடையில் அறுவடையாகும் எண்ணெய்வித்துப் பயிர்களில் ரேப்சீட் முதன்மையானது. இப்பயிரின் குளிர் தாங்குதிறனை உயர்த்தத் தாவர ஹார்மோன்களையும், ஹார்மோன் உற்பத்தியை மாற்றும் வேதிப்பொருள்களையும் பயன்படுத்தும் முயற்சிகள் பல பத்தாண்டுகளாக நடைபெற்று வருகின்றன. அப்சிசிக் அமிலம், ஜிப்ரல்லின், பிராசினோஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் முதன்மையாகக் கொண்டு இம்முயற்சிகளின் அறிவியல் அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது. குளிர் தாங்குதிறன் என்பது செடியின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டிலிருந்து பிரிக்க இயலாதது என்பதும், ஆகவே ஹார்மோன் தெளிப்பின் பயன் எந்தப் பொருள் என்பதை விடச் செடியின் எந்த வளர்நிலையில், எந்தப் பருவத்தில் அளிக்கப்படுகிறது என்பதையே மிகுதியும் சார்ந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ரேப்சீட், குளிர் இணக்கம், அப்சிசிக் அமிலம், ஜிப்ரல்லின், டெல்லா புரதங்கள், பிராசினோஸ்டீராய்டு, டிரையசோல், உறைபனி.

1. முன்னுரை

பிராசிகா நேப்பஸ் என்ற தாவரவியல் பெயர் கொண்ட ரேப்சீட், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த எண்ணெய்வித்துப் பயிர். எரூசிக் அமிலமும் குளுக்கோசினோலேட்டும் குறைக்கப்பட்ட இதன் தரம் திருத்திய வகைகளே கனோலா என்ற பெயரில் சந்தையில் அறியப்படுகின்றன. பிராசிகா ராப்பா, பிராசிகா ஒலரேசியா என்னும் இரு இனங்களின் இயற்கைக் கலப்பால் இது தோன்றியது என்பதை ஊ ஜாங்-சூன் 1935இல் நிறுவினார். முதலினத்தின் 20 குரோமோசோம்களும் இரண்டாம் இனத்தின் 18 குரோமோசோம்களும் ஒன்றுசேர்ந்து 38 குரோமோசோம்களாக இப்பயிரில் அமைந்துள்ளன.

இப்பயிரில் வசந்தகால வகை, குளிர்கால வகை என இரு பெரும் பிரிவுகள் உண்டு. கனடாவின் சமவெளிகளில் பயிராவது பெரும்பாலும் வசந்தகால வகை. செருமனி, பிரான்சு, போலந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் பயிராவது பெரும்பாலும் குளிர்கால வகை. குளிர்கால வகை நீண்ட வளர்காலம் கொண்டிருப்பதால் கூடுதல் விளைச்சல் தருகிறது. ஆனால் அந்த விளைச்சலுக்கு ஈடாக ஒரு முழுப் பனிக்காலத்தையும் அது உயிரோடு கடந்தாக வேண்டும். கடக்கத் தவறினால் வசந்தத்தில் வயலை உழுது வேறு பயிர் விதைப்பதைத் தவிர உழவருக்கு வேறு வழியில்லை. விதை, உரம், உழைப்பு, ஒரு பருவத்தின் பெரும்பகுதி ஆகிய அனைத்தும் அப்போது இழப்பாகின்றன.

இந்நிலையில், ஒரு தெளிப்பின் மூலம் செடியைக் குளிருக்கு ஆயத்தப்படுத்த முடியுமா என்ற வினா இயல்பாகவே எழுகிறது. இவ்வினாவுக்கு ஆய்வகங்களிலிருந்து ஊக்கமளிக்கும் விடைகள் பல வந்துள்ளன. எனினும் அவற்றுள் வயலில் நிலைத்த நடைமுறையாக மாறியவை மிகச் சிலவே. இந்த இடைவெளி ஏன் ஏற்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள, குளிரால் செடி மடிவது எவ்வாறு என்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

2. பயிரின் பருவமும் உறைபனிச் சேதத்தின் இயல்பும்

வட, நடு ஐரோப்பாவில் குளிர்கால ரேப்சீட் ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் விதைக்கப்படுகிறது. இலையுதிர் காலத்தில் தண்டு நீளாமல், இலைகள் தரையையொட்டி வட்டமாக விரிந்த நிலையில் செடி வளர்கிறது. இலைகளின் நடுவே வளர்நுனி தாழ்ந்து அமைந்திருக்கும். பனிக்காலத்தின் நீண்ட குளிர் பூக்கும் திறனை எழுப்புகிறது. தட்பப்பதனம் எனப்படும் இந்நிகழ்வின்போது, பூத்தலைத் தடுத்து நிற்கும் எஃப்எல்சி மரபணுக்களின் செயல்பாடு படிப்படியாக அடங்குகிறது. வசந்தத்தில் தண்டு நீண்டு, பூத்து, காய்த்து, சூலை மாத அளவில் அறுவடைக்கு வருகிறது.

சுழியத்துக்கு மேற்பட்ட தாழ்வெப்பத்தால் ஏற்படும் குளிர்ச் சேதமும், நீர் உறைவதால் ஏற்படும் உறைபனிச் சேதமும் வெவ்வேறானவை. ரேப்சீட்டுக்கு முன்னது பெரிய இடர் அன்று. பின்னதே உயிரைப் பறிப்பது. வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் இறங்கும்போது பனிக்கட்டி முதலில் செல்லின் உள்ளே தோன்றுவதில்லை. செல்லுக்கு வெளியே உள்ள இடைவெளி நீரில் கரைபொருள்கள் குறைவு. ஆதலால் அந்நீரே முதலில் உறைகிறது. பனிக்கட்டி தோன்றியதும் செல்லின் உட்புற நீர் வெளியே இழுக்கப்படுகிறது. −10 டிகிரி செல்சியஸ் அளவில் செல்லிலிருந்து வெளியேறக்கூடிய நீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. ஆகவே உறைபனி என்பது அடிப்படையில் ஒரு வறட்சியே. நீரிழந்து சுருங்கிய செல்லில் பிளாஸ்மா சவ்வும் பிற சவ்வுகளும் நெருங்கி ஒட்டி, அவற்றின் ஈரடுக்கு அமைப்பு குலைகிறது. பனி உருகி நீர் மீளும்போது சிதைந்த சவ்வால் அதனைத் தாங்க இயலாமல் செல் வெடித்து உள்ளடக்கம் கசிகிறது. காலையில் வதங்கி, நீர் ஊறியதுபோல் கருத்துக் காணப்படும் இலை இக்கசிவின் வெளித்தோற்றமாகும்.

இலைகள் கருகுவதால் மட்டும் செடி மடிந்துவிடுவதில்லை. வளர்நுனியும் வேர்க்கழுத்தும் உயிரோடு இருந்தால் வசந்தத்தில் புதிய இலைகள் தோன்றும். எனவே குளிர் தாங்குதிறன் என்பதை இரண்டாகப் பிரித்துக் காண்பது தெளிவு தரும். ஒன்று, செல்லின் திறன்: நீரிழப்பையும் சவ்வுச் சிதைவையும் எவ்வளவு தாங்குகிறது என்பது. மற்றொன்று, செடியின் அமைப்பு: உயிர்நாடியான வளர்நுனி எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு பாதுகாப்பாக அமைந்துள்ளது என்பது. ஹார்மோன்கள் இவ்விரண்டின் மீதும் செயல்படுகின்றன. ஆய்வகங்கள் பெரும்பாலும் முதலாவதை அளவிடுகின்றன. வயல் நடைமுறை பெரும்பாலும் இரண்டாவதைச் சார்ந்துள்ளது.

3. குளிர் இணக்கமும் அதன் மரபணுத் தொடரும்

கோடை வெப்பத்தில் வளர்ந்த ரேப்சீட் செடியைத் திடீரென்று கடும் உறைபனிக்கு உட்படுத்தினால், சுழியத்திற்குச் சில டிகிரி கீழேயே அது மடியும். அதே செடி சில வாரங்கள் சுழியத்துக்குச் சற்று மேற்பட்ட தாழ்வெப்பத்தில் இருந்திருந்தால் மிகக் கடுமையான உறைபனியையும் தாங்குகிறது. இம்மாற்றமே குளிர் இணக்கம். இக்காலத்தில் செல்லில் சர்க்கரைகளும் புரோலினும் சேர்கின்றன. சவ்வுகளின் கொழுப்பு அமைப்பு மாறுகிறது. நீரிழப்பிலிருந்து சவ்வுகளைக் காக்கும் புரதங்கள் உருவாகின்றன.

இம்மாற்றங்களைத் தொடங்கி வைக்கும் மரபணுத் தொடர், ரேப்சீட்டின் குடும்ப உறவான அராபிடாப்சிஸ் செடியில் முதலில் வெளிப்பட்டது. சிபிஎஃப்1 என்னும் படியெடுத்தல் காரணியை மைக்கேல் தாமஷோவின் ஆய்வுக்குழு 1997இல் பிரித்தறிந்தது. அதனை மிகைவெளிப்பாடு அடையச் செய்தால், குளிருக்கு உட்படுத்தாமலேயே செடி உறைபனியைத் தாங்குகிறது என்பதை அக்குழு 1998இல் காட்டியது. சிபிஎஃப் மரபணுக்களில் ஒன்றை இயக்கும் ஐசிஇ1 என்னும் காரணியை 2003இல் விஸ்வநாதன் சின்னுசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வு அடையாளம் கண்டது. இத்தொடரின் கூறுகள் ரேப்சீட்டிலும் அமைந்துள்ளன என்பதும், அராபிடாப்சிஸின் சிபிஎஃப் மரபணுக்களை ரேப்சீட்டில் மிகைவெளிப்பாடு அடையச் செய்தால் அதன் உறைபனித் தாங்குதிறன் உயர்கிறது என்பதும் 2001இல் வெளிப்பட்டன.

சுருங்கக் கூறின், குளிர் ஐசிஇ1ஐத் தூண்டுகிறது. ஐசிஇ1 சிபிஎஃப்களை எழுப்புகிறது. சிபிஎஃப்கள் காப்புப் புரதங்களுக்கான மரபணுக்களை எழுப்புகின்றன. ஹார்மோன்கள் இத்தொடரின் வெவ்வேறு படிகளில் வந்து சேர்கின்றன.

4. ஹார்மோன்களின் செயல்முறை

4.1 அப்சிசிக் அமிலம்

உறைபனி ஒரு வகை வறட்சி என்பதால், வறட்சியின் ஹார்மோனாகிய அப்சிசிக் அமிலம் முதலில் கவனம் பெற்றது இயல்பே. கனடாவில் சென், கஸ்டா ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்காலக் கோதுமை, கம்புக்கோதுமை, புரோம் புல் ஆகியவற்றின் திரவ வளர்ப்புச் செல்களுக்கு அப்சிசிக் அமிலம் அளிக்கப்பட்டது. எவ்விதக் குளிர்ச்சியும் இன்றி, அறை வெப்பநிலையிலேயே அச்செல்கள் உறைபனியைத் தாங்கும் திறன் பெற்றன. ரேப்சீட்டின் செல் வளர்ப்பிலும் இதனையொத்த விளைவு 1986இல் அறிவிக்கப்பட்டது.

இதன் மூலக்கூறு விளக்கம் பின்னரே கிட்டியது. அப்சிசிக் அமிலத்தின் உணர்விகள் 2009இல் கண்டறியப்பட்டன. உணர்வியுடன் ஹார்மோன் இணையும்போது ஓஎஸ்டி1 என்னும் கைனேஸ் நொதி விடுபட்டுச் செயல்படத் தொடங்குகிறது. இதே நொதியைக் குளிரும் தூண்டுகிறது என்பதும், அது ஐசிஇ1ஐ நிலைப்படுத்துகிறது என்பதும் 2015இல் வெளிவந்தன. வறட்சிக்கான பாதையும் குளிருக்கான பாதையும் ஒரே நொதியில் சந்திப்பதை இது உணர்த்துகிறது.

இவ்வளவு தெளிவான அடிப்படை இருந்தும், அப்சிசிக் அமிலம் ரேப்சீட் வயல்களில் பொது வழக்காகவில்லை. இயற்கை அப்சிசிக் அமிலம் ஒளியில் சிதைந்து செயலற்ற வடிவமாக மாறுகிறது. செடிக்குள் சென்ற பகுதியையும் ஹைட்ராக்சிலேஸ் நொதிகள் விரைவில் ஃபாசீயிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. ஆகவே விளைவு நாள்கணக்கில் நிற்கிறது. பனிக்காலமோ மாதக்கணக்கில் நீள்கிறது. திரட்சாம்போல் உயர்விலை பெறும் பயிரில் இதன் விலையைத் தாங்க இயலும். பரந்த வயல்களில் விளையும் எண்ணெய்வித்துப் பயிரில் அது கடினம். இக்குறைகளைக் களையும் நோக்கில் உணர்விகளுடன் இணையக்கூடிய செயற்கைச் சேர்மங்கள் உருவாக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் முதன்மை இலக்கு இதுவரை வறட்சியாகவே இருந்து வருகிறது.

4.2 ஜிப்ரல்லினும் டெல்லா புரதங்களும்

ஜிப்ரல்லின் தண்டை நீட்டும் ஹார்மோன். டெல்லா என்னும் புரதங்கள் வளர்ச்சிக்குத் தடையாக நிற்கின்றன. ஜிப்ரல்லின் வந்ததும் அவை சிதைக்கப்பட்டு வளர்ச்சி தொடர்கிறது. சிபிஎஃப்1 காரணி, ஜிப்ரல்லினைச் செயலிழக்கச் செய்யும் நொதியின் மரபணுவை எழுப்புகிறது என்பதைப் பாட்ரிக் அஷார் முதலானோர் 2008இல் காட்டினர். அதன் விளைவாக ஜிப்ரல்லின் குறைகிறது, டெல்லா சேர்கிறது, செடி குட்டையாகிறது. டெல்லா புரதங்களின் சேர்க்கை உறைபனித் தாங்குதிறனுக்கும் துணைசெய்கிறது என்பது அவ்வாய்வின் மற்றொரு முடிவு.

இக்கண்டுபிடிப்பின் முதன்மை எளிதில் தப்பிவிடக்கூடியது. குளிர்காலத்தில் செடி வளராமல் நிற்பது, குளிர் அதனை முடக்கிவிட்டதால் மட்டும் நேர்வதன்று. தாங்குதிறனை எழுப்பும் அதே காரணி வளர்ச்சியையும் நிறுத்துகிறது. சிபிஎஃப் மிகைவெளிப்பாடு அடைந்த செடிகள் குட்டையாகவும் தாமதமாகப் பூப்பனவாகவும் அமைவதற்கும் இதுவே ஒரு காரணம். தாங்குதிறனும் வளர்ச்சி அடக்கமும் ஒரே முடிவின் இரு முகங்கள்.

4.3 பிராசினோஸ்டீராய்டு

ரேப்சீட்டுக்கும் இந்த ஹார்மோன் குழுவுக்கும் வரலாற்று உறவு உண்டு. இக்குழுவின் முதல் உறுப்பாகிய பிராசினோலைடு, தேனீக்கள் திரட்டிய ரேப்சீட் மகரந்தத்திலிருந்தே 1979இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 227 கிலோகிராம் மகரந்தத்திலிருந்து கிடைத்த தூய பொருள் 4 மில்லிகிராம் மட்டுமே. பிராசிகா என்னும் பேரினப் பெயரே இக்குழுவின் பெயரிலும் நிலைத்தது.

24-எபிபிராசினோலைடு அளிக்கப்பட்ட அராபிடாப்சிஸ், ரேப்சீட் நாற்றுகள் வறட்சியையும் குளிரையும் கூடுதலாகத் தாங்கின எனக் கனடாவில் பிரீத்தி கிருஷ்ணாவின் குழு 2007இல் அறிவித்தது. இந்த ஹார்மோனின் குறிகைப்பாதை சிபிஎஃப் மரபணுக்களின் வெளிப்பாட்டையும் உயர்த்துகிறது என்பதைப் பின்வந்த அராபிடாப்சிஸ் ஆய்வுகள் உறுதிசெய்தன. ஆனால் பிராசினோஸ்டீராய்டு வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனும் ஆகும். செல்லின் தாங்குதிறனை உயர்த்தும் அதே பொருள் தண்டை நீட்டவும் கூடும். இளநாற்றில் நன்மையாகத் தெரிவது, இலையுதிர் கால வயலில் வளர்நுனியை உயர்த்தித் தீமையாக முடியும் வாய்ப்பு உண்டு. எனவே நாற்று நிலை ஆய்வின் முடிவை, பனிக்காலம் கடக்கும் செடிக்கு அப்படியே பொருத்துதல் இயலாது.

4.4 பிற ஹார்மோன்கள்

ஜாஸ்மோனேட் குறிகையின் தடைப்புரதங்கள் ஐசிஇ1ஐப் பிணைத்து அடக்குகின்றன என்பதும், ஜாஸ்மோனேட் சேரும்போது அத்தடை நீங்குகிறது என்பதும் 2013இல் அராபிடாப்சிஸில் காட்டப்பட்டன. எத்திலின் பாதையின் ஈஐஎன்3 காரணி சிபிஎஃப் மரபணுக்களை அடக்குகிறது என 2012இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் எத்திலினின் பங்கு எல்லாத் தாவரங்களிலும் ஒன்றுபோல் இல்லை. தக்காளி போன்றவற்றில் அதற்கு மாறான முடிவுகளும் உண்டு. சாலிசிலிக் அமிலத்தின் விளைவோ அளவையும் வெப்பநிலையையும் பொறுத்து மாறுகிறது. ஓர் இனத்தில் கண்ட ஹார்மோன் விளைவை மற்றோர் இனத்துக்கு ஆய்வின்றி ஏற்றலாகாது என்பதற்கு இவை சான்றாகின்றன.

5. இணக்க இழப்பு: நடுப்பனிக்கால வெப்பத்தின் இடர்

குளிர் இணக்கம் ஒருமுறை பெற்றால் நிலைத்திருப்பது அன்று. பனிக்காலத்தின் நடுவே சில நாள்கள் வெப்பம் உயர்ந்தால், வாரக்கணக்கில் பெற்ற தாங்குதிறன் நாள்கணக்கில் குறைந்துவிடும். அடுத்து வரும் உறைபனி, முன்னதைவிட மென்மையானதாயினும், செடியை மடியச்செய்யலாம்.

போலந்தின் கிராக்கோவ் நகரில் மார்சின் ரப்பாச் ரேப்சீட்டில் மேற்கொண்ட ஆய்வுகள் இங்குக் குறிப்பிடத்தக்கவை. வெப்பம் உயர்ந்தபோது தண்டு நீளத் தொடங்காத செடிகள், மீண்டும் குளிர் வந்ததும் தாங்குதிறனை மீட்டுக்கொள்கின்றன. நீட்சி வளர்ச்சி தொடங்கிவிட்ட செடிகளிலோ அம்மீட்புத் திறன் குறைகிறது. தாங்குதிறனை இழந்ததைக் காட்டிலும் வளர்ச்சிக்குத் திரும்பியதே செடிக்குப் பெருங்கேடாகிறது.

4.2இல் கண்ட மூலக்கூறு விளக்கத்தோடு இம்முடிவு பொருந்தி நிற்கிறது. வளர்ச்சி அடக்கம் நிலைக்கும்வரை தாங்குதிறனுக்குத் திரும்பும் வாயில் திறந்திருக்கிறது. பனிப்போர்வை குறைந்து, வெப்பமும் உறைபனியும் மாறிமாறி வரும் பனிக்காலங்களில் இவ்வாயிலைத் திறந்து வைப்பதே ஹார்மோன் ஆய்வின் மெய்யான இலக்காக இருத்தல் வேண்டும்.

6. வயல் நடைமுறை: டிரையசோல் சேர்மங்கள்

இதுவரை கண்டவற்றுள் வயலில் நிலைபெற்ற நடைமுறை ஹார்மோனைத் தெளிப்பதன்று. ஹார்மோன் உற்பத்தியைத் தடுப்பதாகும். ஐரோப்பாவில் மெட்கோனசோல், டெபுகோனசோல் ஆகிய டிரையசோல் சேர்மங்களும் மெப்பிகுவாட் கலந்த தயாரிப்புகளும் இலையுதிர் காலத்தில், ஏறத்தாழ 4 முதல் 6 இலை நிலையில் தெளிக்கப்படுகின்றன. சீனாவில் ரேப்சீட் நாற்றங்கால்களில் பேக்லோபியூட்ரசாலும் யூனிகோனசோலும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன.

டிரையசோல்களில் பல, அடிப்படையில் பூஞ்சைக்கொல்லிகள். பூஞ்சையின் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டிராலை உருவாக்கும் சைட்டோகுரோம் பி450 வகை நொதி ஒன்றை அவை தடுக்கின்றன. செடியில் ஜிப்ரல்லின் உற்பத்தியின் ஒரு படியும் அதே வகை நொதியால் நிகழ்வதால் அதுவும் தடைபடுகிறது. இலைப்புள்ளி நோய்க்காகத் தெளித்த மருந்து செடியைக் குட்டையாக்கியதற்கு இதுவே காரணம். மெப்பிகுவாட் அதே உற்பத்தித் தொடரின் இன்னும் முந்தைய படியைத் தடுக்கிறது.

பனிக்காலத்திற்குள் நுழையும் செடிக்கு ஏறத்தாழ 8 இலைகள், 8 மில்லிமீட்டருக்குக் குறையாத வேர்க்கழுத்துப் பருமன், ஆழ்ந்த ஆணிவேர், தரையை ஒட்டிய வளர்நுனி ஆகியன அமைதல் வேண்டும் என்பது ஐரோப்பிய வேளாண் அறிவுரைகளின் சாரம். முன்கூட்டி விதைத்த, தழைச்சத்து மிகுந்த வயல்களில் செடிகள் நெருங்கித் தண்டு நீண்டு, வளர்நுனி உயர்ந்துவிடுகிறது. அத்தகைய வயல்களில் தெளிப்பு நன்கு பயன்படுகிறது. மாறாக, தாமதமாக விதைத்துச் சிறுத்து நிற்கும் பயிரில் தெளித்தால் அது மேலும் பின்தங்கி, போதிய வேரும் இருப்புச் சத்தும் இன்றிப் பனிக்காலத்தை எதிர்கொள்ளும். ஒரே தெளிப்பு ஒரு வயலைக் காக்கவும் அண்டை வயலைக் கெடுக்கவும் கூடும். தெளிப்பு நாளும் அவ்வாறே முதன்மையானது. செடி வளர்ந்து கொண்டிருக்கும் நாள்களில்தான் மருந்து உள்ளேற்கப்படும்; குளிர் வந்து வளர்ச்சி நின்றபின் தெளிப்பதால் பயனில்லை. மிக முன்னதாகத் தெளித்தால் விளைவு தேய்ந்து, செடி மீண்டும் நீளத் தொடங்கும்.

மேலும் இரு எல்லைகள் கருதத்தக்கவை. முதலாவது, மண் உறைந்து விரிந்து செடியை மேலே தள்ளி வேரை அறுப்பதும், வடிகால் இல்லாத வயலில் பனிக்கட்டி மூடி வேர் மூச்சுத்திணறுவதும், உறைந்த மண்ணின் மீது வீசும் உலர்காற்றால் இலை நீரிழப்பதும் ஹார்மோன் தெளிப்பால் முற்றிலும் தீர்க்கக்கூடியவை அல்ல. இரண்டாவது, பேக்லோபியூட்ரசால் மண்ணில் நெடுநாள் தங்கும் இயல்புடையது. அளவு மிகுந்தால் அடுத்த பயிரின் வளர்ச்சியையும் அது தடுக்கக்கூடும்.

7. ஆய்வகத்திற்கும் வயலுக்கும் இடையே

டிரையசோல் ஆய்வுகளின் முடிவுகளைப் பொருள்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. இச்சேர்மங்கள் ஜிப்ரல்லினை மட்டும் குறைப்பதில்லை. யூனிகோனசோல், அப்சிசிக் அமிலத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சிலேஸையும் தடுக்கிறது. இக்குடும்பச் சேர்மங்கள் பிராசினோஸ்டீராய்டு உற்பத்தியையும் தொடக்கூடும். ஆகவே தெளிக்கப்பட்ட செடியில் காணும் தாங்குதிறன், ஜிப்ரல்லின் குறைந்ததால் வந்ததா, அப்சிசிக் அமிலம் நிலைத்ததால் வந்ததா என்பது தனியே நிறுவப்பட வேண்டியது. டிரையசோலுடன் ஜிப்ரல்லினையும் சேர்த்து அளித்த ஒரு ஒப்பீட்டுப் பிரிவு இருந்தால், விளைவு எந்த அளவுக்கு மறைகிறது என்பதிலிருந்து ஜிப்ரல்லினின் பங்கை மதிப்பிடலாம். அத்தகைய ஒப்பீடு இல்லாத ஆய்வுகள் பயனைக் காட்டலாம், காரணத்தைக் காட்டா.

அளவிடும் முறையிலும் கவனம் தேவை. இலைத் துண்டுகளை உறையவைத்து, கசியும் அயனிகளின் அளவைக் கொண்டு பாதிச் சேதம் ஏற்படும் வெப்பநிலையைக் கணிப்பது பரவலான முறை. எல்டி50 எனப்படும் இவ்வளவு செல்லின் திறனை நன்கு காட்டும். ஆனால் வயலில் செடியின் உயிர் இலையில் இல்லை. வளர்நுனியிலும் வேர்க்கழுத்திலும் உள்ளது. இலையின் எல்டி50 ஓரிரு டிகிரி இறங்கியது என்பதிலிருந்து பயிர் பனிக்காலத்தைக் கடக்கும் என்று முடிவுசெய்ய முடியாது. வடமேற்குச் சீனாவின் கான்சு மாகாணத்தில் உருவாக்கப்பட்ட லோங்யோ என்னும் குளிர்கால பிராசிகா ராப்பா வகைகள் இதற்கு நல்ல சான்று. கடுங்குளிரில் இவற்றின் இலைகள் மடிந்துவிடுகின்றன. தாழ அமைந்த வளர்நுனியும் பருத்த வேரும் உயிர் காத்து, வசந்தத்தில் மீண்டும் தழைக்கின்றன.

எனவே இத்துறையில் வெளியாகும் ஓர் ஆய்வு குறைந்தது ஐந்து செய்திகளைத் தெளிவாகத் தருதல் வேண்டும். தெளிப்பின்போது செடியின் இலை நிலை. தெளிப்புக்கும் குளிருக்கும் இடைப்பட்ட நாள்கள். செடி முன்னரே குளிர் இணக்கம் பெற்றிருந்ததா என்பது. அளவீடு இலையிலா வளர்நுனியிலா என்பது. இறுதியாக, வசந்தத்தில் உயிர்பிழைத்த செடிகளின் எண்ணிக்கையும் விளைச்சலும். மூன்றாவது செய்தி பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. இணக்கம் பெறாத நாற்றை நேரடியாக உறையவைத்துக் கண்ட ஹார்மோன் பயன், இயல்பாகவே இணக்கம் பெறும் வயல் செடியில் மிகச் சிறிதாகிவிடலாம். ஏனெனில் ஹார்மோன் எழுப்பிய மரபணுக்களைக் குளிரே அங்கு எழுப்பிவிட்டிருக்கும்.

8. பருவம் மாறினால் தீர்வும் மாறும்: இந்தியக் கடுகு

குளிர்காலத்தில் பயிராவதால் மட்டும் ஒரு பயிர் குளிர்கால வகை ஆகிவிடுவதில்லை. ராஜஸ்தான், ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் ரபி பருவத்தில் பயிராகும் கடுகு, பிராசிகா ஜன்சியா இனத்தைச் சேர்ந்தது. அக்டோபரை ஒட்டி விதைக்கப்பட்டு, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அறுவடையாகிறது. பூப்பதற்கு நீண்ட தட்பப்பதனம் இதற்குத் தேவையில்லை. டிசம்பர் இறுதியிலும் சனவரியிலும் உறைபனி விழும்போது செடி தரையொட்டிய இலைவட்டமாக இல்லை. தண்டு நீண்டு, பூத்து, காய் பிடிக்கும் நிலையில் இருக்கிறது. சேதம் உயிருக்கு நேர்வதைவிடப் பூவுக்கும் இளங்காய்க்கும், உள்ளே முதிரும் விதைக்குமே நேர்கிறது.

இந்நிலையில் வளர்ச்சியைத் தடுத்து வளர்நுனியைத் தாழ வைத்தல் என்னும் ஐரோப்பிய வழிக்கு இங்கு இடமே இல்லை. உறைபனி எதிர்பார்க்கும் இரவுக்கு முன் இலேசான பாசனம் செய்து மண்ணின் வெப்பத்தைக் காத்தல் போன்ற உடனடி நடைமுறைகளே வழக்கில் உள்ளன. ஹார்மோன் ஆய்வுக்கு இங்கு இடமுண்டாயின், அது பூ, காய்த் திசுக்களின் செல் திறனை ஓரிரு இரவுகளுக்கு உயர்த்தும் குறுகிய காலத் தெளிப்பாகவே அமைய முடியும். ஐரோப்பிய வயலில் அப்சிசிக் அமிலத்தின் குறையாகத் தோன்றும் குறுகிய ஆயுள், இத்தகைய தேவைக்குக் குறையன்று. ஆயினும் அதே ஹார்மோன் இளங்காய் உதிர்வையும் தூண்டக்கூடுமாதலால், உறைபனி விழாத ஆண்டின் விளைச்சலையும் சேர்த்தே அதன் பயனை எடைபோட வேண்டும்.

9. இனமேம்பாட்டின் வழி

தெளிப்பால் தற்காலிகமாகப் பெறும் அமைப்பை மரபணுவால் நிலையாகப் பெறவும் வழியுண்டு. பிராசிகா ராப்பாவில் கண்டறியப்பட்ட ஒரு குட்டை வடிவம், டெல்லா வகைப் புரதம் ஒன்றில் நேர்ந்த மரபணு மாற்றத்தால் தோன்றியது. ரேப்சீட்டிலும் பிரான்சில் உருவான குட்டை மரபணுவைக் கொண்ட அரைக்குட்டை வீரிய ஒட்டு வகைகள் ஐரோப்பாவில் பயிராகின்றன. இலையுதிர் காலத்தில் இவற்றின் தண்டு நீள்வது குறைவு. எனினும் நிலையாகக் குட்டையான வகை, வளர்ச்சி விரும்பத்தக்க வசந்தத்திலும் குட்டையாகவே இருக்கும். குளிரில் மட்டும் வளர்ச்சியை அடக்கி, வசந்தத்தில் விடுவிக்கும் ஒழுங்கு இயல்பான சிபிஎஃப் தொடரில் ஏற்கெனவே உள்ளது. அவ்வொழுங்கில் வகைக்கு வகை காணப்படும் வேறுபாடுகளைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துவது தெளிப்பையும் நிலையான குட்டைத்தன்மையையும் விடப் பயன்தரக்கூடியது.

முடிவுரை

குளிர்கால ரேப்சீட்டின் குளிர் தாங்குதிறன் செல்லின் காப்பு, வளர்ச்சியின் அடக்கம் என்னும் இரண்டாலும் ஆனது. அப்சிசிக் அமிலமும் பிராசினோஸ்டீராய்டும் முதலாவதை உயர்த்த வல்லவை என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் உண்டு. வயலில் நிலைபெற்றதோ இரண்டாவதைச் சார்ந்த ஜிப்ரல்லின் தடுப்பு முறையே. நடுப்பனிக்காலத்தில் தாங்குதிறனை மீட்கும் ஆற்றலும் வளர்ச்சி அடக்கத்தோடு பிணைந்திருத்தலால், இம்முறை நிலைபெற்றதைத் தற்செயலாகக் கருத இயலாது.

ஆயினும் தெளிப்பு என்பது உரிய காலத்து விதைப்பு, அளவான தழைச்சத்து, நல்ல வடிகால், தாங்குதிறன் மிக்க வகை ஆகியவற்றுக்கு மாற்று அன்று. அவை அமைந்த வயலில் செடி மிஞ்சி வளரும்போது அதனை நிறுத்திவைக்கும் ஒரு துணையே. ஆய்வகத்தில் ஒரு ஹார்மோன் நாற்றைக் காத்தது என்ற செய்தி உழவரின் வயலுக்குப் பரிந்துரையாகச் செல்லுமுன், செடி எந்நிலையில், எந்த நாளில், எந்தக் குளிருக்கு எதிராக அதனைப் பெற்றது என்ற வினாக்களுக்கு விடை கிடைத்திருத்தல் வேண்டும். அவ்விடைகளைத் தரும் வயல் ஆய்வுகளே இத்துறையின் இன்றைய தேவை.